கோழித் தலை பார்த்த பக்கம்

தைவானின் கீலுங் துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை சுமக்கும் ஆ-ஹோக்குக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது. டாக்டர் சொன்னபடி கறியை விட்டான். உடம்பு தேறியது, ஏச்சுதான் நிற்கவில்லை.

"புல்லைத் தின்னா மூட்டை தூக்க முடியுமாடா?" என்பார் முதலாளி.

முதலாளி வைக்கும் வருஷக் கடைசி விருந்தில் அவித்த கோழியின் தலை யாரைப் பார்க்கிறதோ, அவனுக்கு வேலை போச்சு என்று அர்த்தம். ஆ-ஹோக் மூலையில் சைவ மேசையில் நிம்மதியாக உட்கார்ந்தான். கோழி இங்கே எப்படி வரும்?

மூடிய தட்டு ஒன்று வந்தது. திறந்தால், சோயாவில் செய்த முழுக்கோழி, கொண்டையும் அலகுமாக அவனையே பார்த்தது. கூடச் சுமந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலை தங்கள் பக்கம் திரும்பவில்லையே.

"உனக்குன்னே சொல்லிச் செஞ்சதுடா," என்றார் முதலாளி. "பொட்டுக் கறி கிடையாது. பயப்படாம சாப்புடு."