கொட்டகைச் சுவரில் சுத்தியல்

ஜெத்ரோ டிரான்டரைப் புதைத்த மறுநாள் காலை, அவருடைய நிழல் வழக்கம்போல முற்றத்தைக் கடந்து, மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்து, வலது கையை ஓங்கி ஓங்கி இறக்கியது. மகள் லவினியா அதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு, பால் வாளியை எடுத்துக்கொண்டு, நிழலை மிதிக்காமல் சுற்றிப் போய் மாடு கறக்க உட்கார்ந்தாள். அது 1966, அக்டோபர் மாதம்.

அந்த நிழல் அவர் உயிரோடிருந்த காலத்திலும் அவருக்கு ஒத்துப்போனதில்லை. 1911 மே மாதம், இங்கிலாந்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஓர் இல்லம் கப்பலேற்றி அனுப்பிய நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவராக, ஏழு வயதில், ஒரு தகரமடித்த மரப்பெட்டியோடு அவர் ஒன்டாரியோவில் வந்து இறங்கினார். அப்போதே நிழல் ஐந்து மணி நேரம் முந்தி ஓடியது. காலையில் மற்றவர்களின் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும்போது அவருடையது உச்சிவேளைக்குரியதாகக் காலடியில் சுருண்டிருக்கும். கோடையில் பிற்பகல் மூன்றரைக்கு மேலும், குளிர்காலத்தில் பதினொன்றுக்கு மேலும் அவருக்கு நிழலே கிடையாது. சுள்ளென்று வெயில் அடிக்கிற நாள்களில் சில சமயம் காலையிலிருந்தே வராது. எங்கோ மழை போலிருக்கிறது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அவர் பால் கறந்தால் நிழல் எதையோ அடித்தது. அவர் கால்சட்டை போட்டிருந்தும் நிழலின் இடுப்புக்குக் கீழே அகன்றிருந்தது.

"என்ன ஜெத்ரோ, உன் நிழல் பாவாடை கட்டியிருக்கு?" என்று பக்கத்துப் பண்ணை ஆர்வில் முப்பது வருஷம் ஒரே கேலியைச் செய்தார்.

"காத்தோட்டமா இருக்குமில்ல. உனக்கும் வேணும்னா சொல்லு, தைக்கச் சொல்றேன்" என்று ஜெத்ரோவும் முப்பது வருஷம் ஒரே பதிலைச் சொன்னார்.

கேலி அந்த அளவோடு நின்றது அவர் வளர்ந்து, உழைத்து, தன்னை வேலைக்கு வைத்த பண்ணைக்காரரின் மகளையே கட்டிக்கொண்ட பிறகுதான். அதற்கு முன் அவர் இல்லத்துப் பையன். அவர் வந்தால் வீடுகளில் ரொட்டி அலமாரியைப் பூட்டினார்கள். சொந்த ஊர், தாய் தகப்பன் என்று எதைக் கேட்டாலும், எல்லாரும் செத்துவிட்டதாக இல்லத்தில் சொன்னார்கள் என்பார், அவ்வளவுதான். சிறுமியாக இருந்தபோது லவினியா ஒருமுறை, "உங்களுக்கு ஏம்ப்பா ஜெத்ரோன்னு பேர் வெச்சாங்க?" என்று கேட்டாள். "பெட்டியில அப்படித்தான் எழுதியிருந்துச்சு கண்ணு" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லிலும் பெயருக்குக் கீழே இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று இருக்கும். கல் வெட்டுகிறவர் லவினியாவிடம், "ரெண்டு வரி விட்டு வெக்கிறேன்மா. இல்லத்துப் பசங்க கல்லெல்லாம் அப்படியே மொட்டையாத்தான் நிக்குது" என்றார். அப்பாவை மொட்டைக் கல்லுக்குக் கீழே விட்டுவைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கல்லை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தில் இருந்த பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேட ஆரம்பித்தாள். ஜெத்ரோ டிரான்டர், லிவர்பூல். லிவர்பூலில் இருந்த டிரான்டர்களுக்கெல்லாம் எழுதினாள். இரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு பதில்கள் வந்தன. எல்லோரும் அன்பானவர்கள், யாரும் உறவில்லை. நிழல் தினமும் கொட்டகைக்கு வந்துபோனது. அவள் கடிதங்களைச் சில சமயம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். கையின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. 1969 மார்ச் பதினேழாம் தேதி பனி மேல் நடந்து வந்து சுவரோரம் உட்கார்ந்தது, கையைப் பாதி ஓங்கியது, பிறகு இல்லை. லவினியா ஒரு மாதம் வரை தினமும் அந்த இடத்தைப் பார்த்தாள்.

அவள் எழுதி எழுதிக் கேட்டும் மறுத்துவந்த இல்லம் அந்தக் கோடையில்தான் கடைசியாக இறங்கிவந்து ஒரு புகைப்படம் அனுப்பியது. சேர்க்கும் நாளன்று ஒவ்வொரு பிள்ளையையும் படம் எடுப்பது அவர்கள் வழக்கம். ஜெத்ரோ டிரான்டர் என்று எழுதியிருந்த படத்தில் காது விடைத்த, கண் வெளிறிய ஒரு பையன் நின்றான். அது அவளுடைய அப்பா இல்லை. நூற்றுப்பன்னிரண்டு படங்களையும் கேட்டு வாங்கினாள். எண்பத்தெட்டாவது படத்தில் அப்பா இருந்தார். பெயர் சைலஸ் வுட்டால். அதற்குக் கீழே, கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்தான் என்று இருந்தது. செத்தவன் மற்றவன். துறைமுகத்தில் பெட்டியைக் கையில் கொடுத்து, மூடியில் உள்ள பெயரைப் படித்துத்தான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். பெட்டி மாறியதும் பெயர் மாறியது. ஏழு வயதுப் பிள்ளை எத்தனை முறை மறுத்துச் சொன்னதோ தெரியாது. அப்பா அவளிடம் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்.

சைலஸின் கோப்பில் அவன் தாய் கெசையாவின் கைநாட்டு இருந்தது. கிராட்லி ஹீத் என்ற ஊரில் கொல்லைப்புற உலையில் சங்கிலி அடித்துப் பிழைத்தவள். கை முறிந்து வேலை நின்றதால் குளிர்காலம் முடியும் வரை மட்டும் பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொல்லி விட்டிருந்தாள். கைநாட்டு வைத்த தாளில் என்ன இருந்ததென்று யாரும் படித்துச் சொல்லவில்லை. முறிந்த எலும்பு கூடி, ஜூனில் ஒரு புதுச் சட்டையோடு அவள் வந்தபோது கப்பல் போய் ஒரு மாதமாகியிருந்தது. அடுத்தவரைக் கொண்டு எழுதுவித்த பதினோரு கடிதங்கள் கோப்பில் இருந்தன. ஒன்றில் இருந்தது இது: "என் மகன் கப்பல்ல செத்துட்டான்னு எழுதியிருக்கீங்க. அவன் சாகல. நேத்து என் காலடியில ஏணி ஏறுனான். அவனுக்குக் காலுக்குச் சேராத செருப்பு குடுத்திருக்கீங்க, நொண்டுறான்."

லவினியா இரண்டு மாடுகளை விற்று இங்கிலாந்துக்குப் போனாள். கெசையா இருந்த சந்தில், பக்கத்து வீட்டு ஐவி கதவைத் திறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாம்மா. கெசையா மூக்கை அப்படியே கொண்டுவந்து நிக்கிறியே. ஆறு மாசம் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

"மார்ச் பதினேழா?"

"ஆமா. உனக்கு யாரு சொன்னா?"

லவினியா உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஐவி தேநீர் ஊற்றினாள். "எண்பத்தி மூணு வயசு. கடைசி நாள் வரைக்கும் சுத்தியலைத் தொடாம இருக்காது. அது நிழல் உனக்குத் தெரியுமா? மத்தியானம் வரைக்கும் நிழலே இருக்காது. அப்புறம் பாத்தா சின்னப் பையன் நிழல். எங்கம்மா சொல்லும், வருஷா வருஷம் வளர்ந்துச்சாம். நான் பாக்குறப்போ தொப்பி போட்ட ஆம்பள. இது இரும்பை அடிக்கும், நிழல் ரெண்டு கையாலயும் எதையோ இழுத்து இழுத்து விடும். 'என் பையன் பால் கறக்குறான்டி, சத்தம் போடாத'ன்னு என்னைத் திட்டும். அவனோட பேசுறதுக்குன்னே வெயில்ல உக்காரும். மூணு வருஷம் முந்தி அக்டோபர்ல ஒரு நாள் நிழல் வரல. மறுநாளும் வரல. எங்கிட்ட வந்து கறுப்புத் துணி இருந்தா குடுன்னு கேட்டுச்சு. யாருக்குன்னு நானும் கேக்கல."

"அப்பா என்னைக்காவது சிரிச்சாரா? நிழல்ல தெரிஞ்சுதா?"

ஐவி யோசித்தாள். "ஒரு குழந்தையைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு நடந்தான், கொஞ்ச வருஷம். கெசையா அப்போ வாசல்லயே மெதுவா நடக்கும். கீழ விழுந்துடும்னு."

லவினியா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

கெசையாவை ஊர்ச் செலவில் கல்லில்லாமல் புதைத்திருந்தார்கள். கல் வைக்க லவினியாவிடம் பணமில்லை, திரும்பும் டிக்கெட் மட்டும்தான் இருந்தது. அடுத்த மே மாதம் ஒன்டாரியோவில் அப்பாவின் கல்லை நிறுத்தினார்கள். சைலஸ் வுட்டால், கெசையாவின் மகன். தகப்பன் பெயருக்கான வரி காலியாகவே நின்றது. வெயில் நேராக விழுந்தும் கல்லுக்கு நிழல் இல்லை. வெட்டியவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கல்லில் குறையில்லை என்றார்.

ஜூனில் ஐவியின் கடிதம் வந்தது. சந்தில் எல்லாரும் நலம், நிலக்கரி விலை ஏறிவிட்டது, கெசையாவின் புதைகுழியில் மத்தியானத்துக்கு மேல் ஒரு கல்லின் நிழல் விழுகிறது, புல் வெட்டுகிறவன் அதைச் சுற்றித்தான் வெட்டுகிறான்.