மூன்றாம் பந்தி அன்பு

போடியில் ஏலக்காய்க் கடை நடத்தும் சுஜாதாவுக்குத் தன் சபையில் ஒருவரையும் பிடிக்காது. செயலாளர் பிரபாகரன் ஜெபிக்க ஆரம்பித்தால் ஆண்டவருக்கே கொட்டாவி வரும் என்பாள். அவர் மனைவி ஸ்வீட்டி புதுச்சேலை கட்டிய ஞாயிறுகளில் மட்டும்தான் வேதபாடம் வாசிக்க முன்வருவாள் என்பாள். இரண்டும் பொய்யில்லை.

அறுப்புப் பண்டிகையன்று சபை விருந்து நடந்தது. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பிரபாகரன் மூன்றாம் பந்திக்கு நிறுத்தி வைத்தார். பந்தலுக்கு மேலே 'அன்பின் விருந்து' என்று பெரிய பேனர்.

"அன்புக்கு எத்தன பந்திண்ணே?" என்று சுஜாதா கரண்டியோடு கத்தினாள். "மொதப் பந்தி அன்பு கறியா இருக்கு. மூணாம் பந்தி அன்பு வெறுஞ் சாறால்ல இருக்கு!"

"சபைன்னா ஒரு ஒழுங்கு வேணும்மா."

"ஒங்க ஒழுங்க நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. நான் போறேன்."

போய்விட்டாள். கல்யாண மண்டபமொன்றில் புதிதாகத் தொடங்கிய வேறொரு சபைக்கு. அங்கே ஏசி, டிரம்ஸ், வாசலில் புன்னகைப்பதற்கென்றே இரண்டு பேர். எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கி "சிஸ்டர்" என்றார்கள். மாதங்கள் கழிந்தும் அவள் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. சண்டை போடக்கூட அங்கே ஆளில்லை. "பல்லுலதான் அன்பு" என்று கணவன் ஜோசப்பிடம் முகம் சுளித்தாள்.

ஐப்பசி மழையில், மலைக்கு லோடு ஏற்றப்போன ஜோசப்பின் ஜீப்பு கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். புதுச் சபையிலிருந்து வாட்ஸப்பில் கூப்பிய கைப் படங்களாக வந்து குவிந்தன. அதன் போதகர் போனிலேயே உருகி உருகி ஜெபித்து, "சகோதரி சுமதியின் கணவரை" ஆண்டவரிடம் ஒப்படைத்தார்.

மறுநாள் காலையில் வார்டு வாசலில் ஒரே சத்தம். தூக்குச்சட்டியோடு ஸ்வீட்டி நின்றாள்.

"எந்த வார்டுன்னு சொல்ல வாய் இல்லையா ஒனக்கு? மாடி மாடியா ஏறி எறங்குறேன். மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வா, பாக்கச் சகிக்கல."

அவளுக்குப் பின்னால் பிரபாகரன். கூடவே முத்துப்பேச்சி, அன்று மூன்றாம் பந்திக்குக் காத்து நின்ற தோட்டக்காரி. "அண்ணன வெளிய இழுத்தது எங்க ஆளுகதாம்மா" என்று தயங்கிச் சொன்னாள். அது அதுவரை சுஜாதாவுக்குத் தெரியாது. முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரபாகரன் ஜெபித்தார். பாதியில் ஜோசப் தூங்கிப்போனான். அவரோ விடவில்லை. ஜோசப்பின் கால், சுஜாதாவின் ரத்தக்கொதிப்பு, கடை என ஒவ்வொன்றாகச் சொல்லி வந்து, "இந்தச் சகோதரி சுஜாதாவின் வாயையும் கொஞ்சம் அடக்கும் ஆண்டவரே" என்றார். சுஜாதா வெடுக்கெனக் கண்ணைத் திறந்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன. குறை சொல்லுமளவுக்காவது இந்த மனுஷருக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறதே!

"ஞாயித்துக்கெழம வந்துரும்மா" என்றார் கிளம்பும்போது.

"வர்றேன். ஆனா அடுத்த விருந்துல மலை ஆளுகளுக்குத்தான் மொதப் பந்தி."

"பேசிக்குவோம்."

பேசிக்குவோம் என்றால் நடக்காது என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். அவள் விடமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும்.

ஜோசப்பை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வந்த ஞாயிறன்று சுஜாதா பழைய சபைக் கோயிலுக்குப் போனாள். வாசலோரம் நின்ற முத்துப்பேச்சியை இழுத்துக்கொண்டு முன்பெஞ்சுக்கு நடந்தாள். அங்கே ஸ்வீட்டி கைப்பையைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளி உக்காரு" என்றாள் சுஜாதா.

ஸ்வீட்டி உச்சுக்கொட்டினாள். பிறகு தள்ளி உட்கார்ந்தாள்.