துப்பாமல் குடிக்க வேண்டிய கதை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பாட்டிலின் முதுகில் ஒட்டுவதற்கான நான்கு வரியாகப் பிறந்தது. விடுமுறைக் காலத்துக்கென்று ஒரு சின்ன வடிசாலை புதிதாக இனிப்புப் பிராந்தி ஒன்றை இறக்குகிறது, அதற்கு வாசகம் எழுதித் தாருங்கள் என்றார்கள். ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, சுக்கு, மிளகு எல்லாம் ஊறிய சரக்கு. மாதிரிக்கு ஒரு பாட்டிலும் வந்து சேர்ந்தது. (குடித்தாயா என்றுதானே கேட்கிறீர்கள்? பொறுங்கள். கதையே அதுதான்.)

நான்கு வரி எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்ததும் ஒரு பெண் வந்து நின்றாள். வாயில் எதையோ வைத்து இப்படியும் அப்படியும் உருட்டினாள், பக்கத்திலிருந்த வாளியில் துப்பினாள், என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சுக்கு போடணும்" என்றாள். அதோடு விளம்பரம் நின்றுபோனது. கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. அவள் பின்னால் ஓடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பனி இறங்கிய அந்தக் காலையில் செம்புக் கொதிகலனிலிருந்து எழுந்த ஆவி, ஏதோ ஒரு பழைய நினைவைப் போல..." வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகளைப் படித்தால் எனக்குத் தும்மல் வருகிறது.

இரண்டாம் முயற்சி: "மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த அன்றே போதையையும்..." போதும், போதும். கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.

மூன்றாவது: "மூக்கக்கா போட்ட சரக்கில் ஒரு சொட்டுகூட அவள் தொண்டையில் இறங்கியதில்லை."

இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

மூக்கக்கா அந்த வடிசாலையில் கலவை போடுகிறவள். எதில் எதை எவ்வளவு சேர்ப்பது, எத்தனை நாள் ஊறவிடுவது எல்லாம் அவள் மூக்கு சொல்கிறபடிதான். அதனால் வந்த பெயர். கொதிகலனைப் பார்த்துக்கொள்வது அவள் கணவர். விற்பதும் விளம்பரமும் அவர் தம்பி, அதாவது அவள் கொழுந்தன். அவனுக்கும் ஒரு பெயர் உண்டு, தம்பட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை.

கலவைக்காரர்கள் குடிப்பதில்லை. நாள் முழுக்க ருசி பார்க்கிறவர்கள் ஒவ்வொன்றையும் விழுங்கினால் மத்தியானத்துக்குமேல் கொதிகலனுக்கும் கதவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே வாயில் வை, உருட்டு, மூக்கால் மூச்சு விடு, துப்பு. தண்ணீரில் கொப்பளி. காய்ந்த ரொட்டியில் ஒரு விள்ளல். அடுத்த குவளை. தம்பட்டத்துக்கும் அதே பழக்கம்தான். கணவருக்கோ மது ஆகாது. வைத்தியர் நிறுத்தச் சொன்னதிலிருந்து முகர்ந்து பார்ப்பதோடு சரி. ஆக, ஊருக்கே ஊற்றிக்கொடுக்கும் அந்த வீட்டில் விழுங்குகிறவர் யாருமில்லை.*

* இது வேடிக்கைக்குச் சொன்னது போலத் தோன்றும். முடிச்சே இங்கேதான் விழுந்தது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எது பணயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை உப்பில்லாத கூழாகிவிடும். போன இரண்டு விடுமுறைக் காலச் சரக்கும் கிடங்கிலேயே தூங்கின. இந்த முறை கணவர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தச் சரக்கு பெரிய கடை அலமாரியில ஏறலைன்னா, நாம மத்தவங்க சரக்கை பாட்டில்ல அடைச்சுக் குடுக்குற வேலைக்குப் போயிடலாம். எனக்கு வேற வழி தெரியலைம்மா."

அடைத்துக் கொடுக்கும் இடத்தில் கலவை மேசை எதற்கு? அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

3

தம்பட்டத்தின் மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவனை வில்லனாக்கி மெல்லிய மீசைகூட வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவனுக்கு இந்தத் தொழில் என்றால் உயிர். சரக்கு ஊறத் தொடங்கிய வாரமே அதற்குக் 'கதகதப்பு' என்று பெயர் வைத்து, "உள்ளே போனதும் விடுமுறை!" என்ற வாசகத்தோடு சுவரொட்டியும் அடித்துவிட்டான். (நான்கு வரிக்கு என்னைக் கூப்பிட்டதும் அவன்தான். என்னைவிட நன்றாக எழுதுகிறான். எரிச்சல்.)

பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்தால் என்ன ஆகும்? பெயருக்கு ஏற்றபடி பிள்ளை பிறக்க வேண்டும்.

"அண்ணி, வாசனை ஆளைத் தூக்குது! ஆனா கதகதப்பு எங்க?"

"பேரை மாத்து."

"போஸ்டர் அடிச்சாச்சே அண்ணி! கொஞ்சம் ஏத்துங்க."

சுக்கு ஏற்றினாள். இருவரும் வாயில் வைத்தார்கள், உருட்டினார்கள், துப்பினார்கள்.

"இப்பவும் லேசாத்தான் இருக்கு."

மிளகு ஏற்றினாள். உருட்டினார்கள், துப்பினார்கள்.

"பக்கத்துல வந்துட்டோம் அண்ணி! இன்னும் ஒரே ஒரு பிடி!"

இப்படியே போனது. இனிப்புச் சரக்கில் சர்க்கரை நாக்கைப் போர்த்திவிடும். சுக்கும் மிளகும் அந்தப் போர்வைக்குள் சமர்த்தாகப் படுத்திருக்கும். தொண்டை தாண்டினால்தான் எழுந்து உட்காரும். அந்த மேசையில்தான் எதுவுமே தொண்டை தாண்டுவதில்லையே! கடைசியில் இருவருக்கும் நாக்கில் ஒரு மெல்லிய சூடு தட்டியது. தம்பட்டம் துள்ளிக் குதித்தான். அத்தனையும் பாட்டிலில் அடைத்து மூடி முத்திரை வைத்தார்கள்.

4

பெரிய கடையிலிருந்து சரக்கு எடுக்கும் அம்மா வருகிற நாள். அன்று காலை பொட்டலம் கட்டும் அறையைத் தம்பட்டம் கல்யாண வீடாக்கி வைத்திருந்தான். சர விளக்கு, சிவப்பு ரிப்பன், பெட்டிகள் மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்ட பனி. விளம்பரப் படத்துக்குச் சிரிக்க, பக்கத்துக் கடை முடிதிருத்துபவரைப் பிடித்து வந்தான். வாய் கொள்ளாத சிரிப்பு அவருக்கு. கண்ணாடிக் குவளையில் முதலில் பால் கலக்காத தேநீரை ஊற்றிப் பார்த்தார்கள். படம் பிடிக்கிறவன் உதட்டைப் பிதுக்கினான். மூக்கக்கா அசல் சரக்கையே ஊற்றினாள்.

"குடிக்கிற மாதிரி வைங்க. ஆங், அப்படித்தான்!"

முடிதிருத்துபவர் குடிக்கிற மாதிரி வைக்கவில்லை. குடித்தார். தாராளமாக ஒரு வாய்.

முகம் மலர்ந்தது. "ஆகா" என்றார். அந்த 'ஆகா' முடிவதற்குள் கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல ஆனது. காது சிவந்தது.

"அம்மாடி! உள்ள அடுப்பு பத்திக்கிச்சே!"

இருமல். தண்ணீர். கண்ணீர். அவர் பஞ்சுப் பனியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

மூக்கக்கா ஓடிவந்தாள். "முழுங்கிட்டீங்களா?"

"குடிக்கக் குடுத்தா முழுங்காம என்னம்மா பண்ணுவாங்க?"

அண்ணியும் கொழுந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை எழுத மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. உங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்த பிறகு இருவர் பார்த்துக்கொள்வார்களே, அதுதான்.

முடிதிருத்துபவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. காலையில இருந்து கை விறைச்சுப் போயிருந்துச்சு, இப்ப கத்திரி பிடிக்கலாம்போல இருக்கு" என்றார். பாட்டிலையும் ஒரு பார்வை பார்த்தார். அது பயமா ஆசையா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

5

இங்கேதான் கதை என் கையை விட்டுத் திமிறியது.

"அண்ணி, பதறாதீங்க" என்று தம்பட்டம் அவளைக் கிடங்குப் பக்கம் இழுத்துப்போனான். "வர்ற அம்மா நம்மள மாதிரி தொழில்காரங்க. துப்பத்தான் போறாங்க. துப்புறவங்களுக்கு இது தேன்! வாளியை அவங்க கைக்கிட்டயே வைங்க, போதும்."

"வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல வாளி வெச்சிருப்பாங்களா தம்பி?"

அவன் கையிலிருந்த சுவரொட்டியை மடித்து வைத்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "உங்க மேசைக்காகத்தான் சொல்றேன் அண்ணி."

மீசையை எடுத்தது நல்லதாகப் போயிற்று.

முடிவு அ: வாளி மேசையில் இருக்கிறது. அந்த அம்மா துப்புகிறார், தலையாட்டுகிறார், சரக்கு அலமாரி ஏறுகிறது. விடுமுறை நாளில் ஏதோ ஒரு வீட்டில், விருந்துக்கு வந்த மாமனார் முதல் வாய் குடித்துவிட்டு... (இதை எழுத ஆசைதான். சிரிப்பாக வரும். ஆனால் சிரித்து முடித்த பிறகு மூக்கக்காவின் முகத்தை நான் பார்க்க வேண்டுமே.)

முடிவு ஆ: எல்லாப் பாட்டிலையும் உடைத்துக் கலவையை மாற்றுகிறாள். பொய். அந்த அம்மாவின் வண்டி வாசலில் வந்து நின்றாயிற்று.

முடிவு இ: முடிதிருத்துபவர் ஓடிவந்து எல்லோர் முன்னிலையிலும்... அவர் எதற்கு ஓடிவர வேண்டும்? அவர் கடையில் ஆள் காத்திருக்கிறது.

மூன்றையும் நாக்கில் உருட்டித் துப்பிவிட்டேன். பிறகு அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

6

மூக்கக்கா வாளியைத் தூக்கினாள். கொல்லைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள். குவளைகளை ஒரே வரிசையில் நகர்த்தி வைத்தாள்.

கடைக்கார அம்மா குவளையை முகர்ந்தார். புருவம் உயர்ந்தது. வாயருகே கொண்டுபோனவர் பழக்கத்தில் பக்கவாட்டில் தேடினார்.

"வாளி எங்கம்மா?"

"இன்னைக்கு வாளி இல்லைங்க. இது முழுங்கிப் பாத்தாத்தான் தெரியும். காரம் கூடிப்போச்சு. வாயில தெரியாது, தொண்டையில தூக்கும். எங்களுக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

தம்பட்டம் கண்ணை மூடிக்கொண்டான்.

"எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணுமே" என்று அந்த அம்மா இழுத்தார்.

"ஒரே ஒரு வாய். முதல்ல நான்."

சொல்லிவிட்டு மூக்கக்கா தன் குவளையை எடுத்தாள். இத்தனை காலம் அவள் கலந்த அத்தனைக்கும் சேர்த்து, முதன்முதலாக, விழுங்கினாள். ஆரஞ்சு இறங்கியது. பட்டை இறங்கியது. பிறகு அது வந்தது. காது சூடேறியது, கண்ணில் நீர் முட்டியது, மார்புக்குள் யாரோ விளக்குப் போட்டுவிட்டார்கள்.

"அட!" என்றாள் சத்தமாக. நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அது தன்னுடையது என்று மட்டும் தெரிந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. எது காரத்தில் வந்த கண்ணீர், எது சந்தோஷத்தில் வந்தது என்று பிரிக்க முடியாதது ஒரு வசதி.

அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு குவளையைச் சாய்த்து, தயங்காமல், விழுங்கினார்.

கொதிகலன் அறைக் கதவில் வந்து நின்ற கணவர், இருவரையும் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அந்த அம்மாவின் நாக்கில் இனிப்பு முடிந்துவிட்டது. தொண்டையில் சூடு இன்னும் வரவில்லை. இந்த இடத்தில் நான் நிறுத்துகிறேன். அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். கணவரின் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு மேசை உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

லேபிளின் நான்கு வரிகளை இன்னும் எழுதவில்லை. மாதிரிப் பாட்டில் என் முன்னால் அப்படியே இருக்கிறது. மூடியைத் திருகுகிறேன். பக்கத்தில் வாளி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.