கால் பார்க்கிறவர்

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டத் தலையிலும் மார்பிலும் தண்ணீர் ஊற்றிய ஆண்களில் ஒருவரும் வலது கால் பக்கம் போகவில்லை. மருத்துவமனையில் சுற்றி அனுப்பிய கட்டு முழங்கால்வரை இருந்தது. கதவருகே நின்ற கார்குழலி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தானே தெருவில் இறங்கினாள். பொம்பளைப் பிள்ளை செய்யக்கூடாது என்றார் சித்தப்பா பொன்னுரங்கம். அப்படியானால் நீங்கள் செய்யுங்கள் என்றாள். அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அப்பா பரசுராமன் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். சர்க்கரையால் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. போன வருஷம் ஓர் அறக்கட்டளை முன்னாள் சிப்பாய்களுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிப்பாய்க்குச் சிப்பாயே துணை. முதலில் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் டிக் போடும் உடல்நலக் கேள்வித்தாளில் மதிப்பெண் ஏறினால் மாதம் ஒரு போன் மட்டும். இறங்கினால் டாக்டரே வருவார். அப்பாவுக்கு வாய்த்தவர் தண்டையார்பேட்டை டில்லிபாபு. அவரும் பட்டாளத்துக்காரர்.

பட்டாளத்தில் நீண்ட நடை முடிந்ததும் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் பாதங்களைச் சோதிப்பார்களாம். டில்லிபாபு செவ்வாய்தோறும் அப்பாவை அப்படித்தான் உட்காரவைப்பார். விரலிடுக்குகளைத் துடைப்பார். அடிப்பாதத்துக்குக் கீழே கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பார். அபிஷேகம் செய்கிறவரைப் போல அவசரமே இருக்காது.

"இன்னா தோஸ்து, உன் மூஞ்சியப் பாத்துகினு கீறியா?" என்று அப்பா கிண்டல் செய்வார்.

நாலு மாதத்தில் அப்பா தனியாக மார்க்கெட் போய் மீன் வாங்கி வந்தார். மதிப்பெண் ஏறியது. டில்லிபாபு வருவது நின்றது.

பிறகு மாதம் ஒருமுறை டில்லிபாபுவின் போன்தான். அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எல்லாம் நல்லா கீது என்று சொல்லி வைத்துவிடுவார். வீட்டுக்குள்ளும் கான்வாஸ் ஷூவைக் கழற்றுவதில்லை. கழற்றச் சொன்னால், மகளிடம் காலை நீட்டுவதா என்று கத்துவார். அறையில் ஒரு நாற்றம் வந்தபோது கார்குழலி ஜன்னலைச் சாத்தினாள். பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து வரும் காற்று என்று நினைத்தாள். காலடிப்பேட்டையில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அவர் நடப்பது குறைந்ததும் திட்ட அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் செய்தாள். அவரே நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறாரே மேடம் என்று ஒரு பெண் பணிவாகச் சொன்னாள். அடுத்த வாரம் குளிர்க்காய்ச்சல் வந்தது. காலில் அழுகிய புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். மூன்றே நாள்.

கார்குழலி பக்கெட்டோடு அப்பாவின் காலருகே உட்கார்ந்தபோது டில்லிபாபு மாலையோடு வந்தார். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் கால்மாட்டில் குந்தினார்.

"தொடாத," என்றாள் கார்குழலி. அதுவரை அவரை வாங்க மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "போன்லயே காலைப் பாத்தியே, இன்னா தெரிஞ்சிது?"

"எல்லாம் நல்லா கீதுன்னாரு," என்றார் டில்லிபாபு. "மேல கீறவன் கேட்டா பட்டாளத்துல அப்டித்தான் சொல்லுவோம். குண்டு பட்டவன்கூட அப்டித்தான் சொல்லுவான். அது எனக்குத் தெரியும் குழலி. தெரிஞ்சிதான் டிக் போட்டேன்."

திட்டம், மேலிடம் என்று அவர் ஏதாவது சொல்லியிருந்தால் பக்கெட்டை அவர்மேல் வீசியிருப்பாள்.

"இப்ப போன்ல எத்தினி பேரு கீறாங்க?"

"ஒம்போது."

"சர்க்கரை?"

"ஆறு பேருக்கு."

"அவங்க காலைப் பாத்து எத்தினி நாளாச்சி?"

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"அப்ப இங்க இன்னாத்துக்கு குந்திகினு கீற? எழுந்து போ."

சாவுக்கு வந்தவரை விரட்டுவது பாவம் என்றார் பொன்னுரங்கம்.

"எடுத்ததும் போறேம்மா," என்றார் டில்லிபாபு.

"எடுக்கறதுக்கு ஆளு கீது."

இந்தக் காலை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறேன் என்று டில்லிபாபு மெல்லக் கேட்டார். பக்கெட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். இடுக்குகளில் துடைத்தார். இடது காலையும் துடைத்தார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தெருவைத் தாண்டிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரைதான். மேளக்காரர்கள் நெடுஞ்சாலையில் இறங்கியதும் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, விம்கோ நகர் போவது. டிரைவர் பக்கத்தில் டில்லிபாபு குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் போன். யாரிடமோ, செருப்பைக் கழட்டி வை, காலைப் பாக்க வந்துகினே கீறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்குழலி பெண்களை விலக்கிக்கொண்டு சாலையில் இறங்கினாள். மேளக்காரர்களுக்கு எதிரே போய்க் கையை உயர்த்தினாள். மேளம் நின்றது. பின்னால் பாடை நின்றது. இன்னாம்மா என்று சித்தப்பா கத்தினார்.

ஆட்டோ கடந்து போகும்வரை அவள் கையை இறக்கவில்லை.