புகைச்சுவர் ஓரத்துத் தொட்டில்கள்

மலேரியாக் காய்ச்சல் இலங்கையின் ருவான்வெல்லைப் பக்கமெல்லாம் ஆட்களை வாரிக்கொண்டு போன மறுவருஷம் அது. இருளாயிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள். அன்று அவள் மறுபடி தோட்டத்தில் இறப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்குப் போகவேண்டும். பிள்ளையை, வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விடவேண்டும்.

இறப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கட்டிடத்தின் சுவரோடு ஒட்டிய தகரச் சாய்ப்புத்தான் பிள்ளைக்காம்பரா. சுவர் வெடிப்புகளில் புகை கசிந்துகொண்டே இருக்கும். மூத்தவள் பொன்னுத்தாயி இரண்டு வருஷம் அதற்குள்தான் வளர்ந்தாள். இப்போது ஆறு வயது. நாலு எட்டு ஓடினால் நெஞ்சு கீச்சிடும். மழை பிடித்தால் உட்கார்ந்தபடிதான் தூங்குவாள்.

பிரசவத்துக்கு முன்பு அவளைக் கொண்டுபோய்க் காட்டியபோது, "பரம்பரை இழுப்பு" என்றார் தோட்டத்து மருந்து ஐயா.

"எங்க வழியில யாருக்குமே கெடையாதுங்களே?"

"நீயா டாக்டர்?"

அன்றிலிருந்து அவளுக்கு ஆறவில்லை. பிரசவத்துக்குப்பின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த நாட்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தாள். காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் இழுப்பு. லயத்திலேயே வளர்ந்த பிள்ளைகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான்.

வேலைக்குத் திரும்பும் அந்தக் காலையில், காம்பரா வாசலில் பிள்ளை பார்க்கிற கருப்பாயி கை நீட்டினாள். "குடு புள்ள, நேரமாச்சு."

"தரமாட்டேன். ஒண்ணைக் குடுத்தது போதும்."

சொல்லிவிட்டு இருளாயி தொட்டிலில் கிடந்த கைக்குழந்தைகளைப் பார்த்தாள். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் பால்வாளியோடு நின்ற பெண்களிடம் திரும்பினாள்.

"இதுகளுக்கு இன்னும் ஒண்ணும் வரலடி! வந்தப்புறம் மருந்து ஊத்துவாங்களாம். வராம இருக்கத் தொட்டிலத் தள்ளிக் கட்டமாட்டாங்களாம். தூக்குங்கடி!"

முதலில் ஒருத்தி தூக்கினாள். பிறகு எல்லோரும். பிள்ளைகளோடு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். பால்வெட்டு நின்றுபோனது.

கணக்கப்பிள்ளை வேலுசாமி பாய்ந்து வந்தார். "என்னடி ஆட்டம் இது? வேலைப் பதிவுல பேர வெட்டிருவேன்!"

"வெட்டுங்க. அதுக்கு முன்னாடி அந்தக் காம்பராவுல ஒரு மணிநேரம் குந்திட்டு வாங்க சாமி. நீங்க வளந்த ஆளு. எங்க புள்ள பொறந்து நாப்பது நாளு!"

அவர் கை ஓங்கினார். இருளாயி அசையவில்லை. சத்தம் கேட்டு ஆபீஸிலிருந்து வெளியே வந்த, தோட்டத்தை நடத்தும் துரையிடமும் அதையேதான் சொன்னாள். துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காம்பராவுக்குள் போனார். சற்று நேரத்தில் கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டு வெளியே வந்தார். "மேல பழைய உர ஸ்டோர். அங்க கொண்டு போ" என்றார், அவ்வளவுதான்.

பெண்கள் அன்றைக்கே ஸ்டோரைக் கழுவி, காற்றோட்டமான பக்கத்தில் தொட்டில் கட்டினார்கள். தூண்டிவிட்டவள் என்று மறுவாரமே இருளாயியை ஏற்றமான தூரத்து மலையில் வெட்டுக்கு மாற்றினார்கள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க, பிள்ளைக்குக் கொடுக்க அங்கிருந்து ஓடிவருவாள்.

நாலு வருஷமாகியும் சின்னவனுக்கு இழுப்பு வரவில்லை. மேட்டுக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளில் அநேகருக்கும் வரவில்லை. "நல்ல காலம்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது இருளாயி சீறினாள்.

"என்ன நல்ல காலம்? அந்த ஸ்டோர் மூத்தவ பொறந்தப்பவும் சும்மாதானடி கெடந்துச்சு!"

தம்பி லயத்து வாசலில் துள்ளி ஓடினான். அவனைத் துரத்திப்போன பொன்னுத்தாயி பாதியில் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள்.