கவுனுக்குள் ஒரு ஊசி

எக்ஸ்ரே அறை வாசலில் டெய்லருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடை மாற்றப் போன மகள் ஆஸ்பத்திரி கவுனோடு வந்து நின்றாள். வலது தோள்பட்டை பின்னால் துருத்திக்கொண்டு தெரிந்தது. மனிதர் அவசரமாகச் சுற்றுமுற்றும் பார்த்தார். முதுகெலும்பு வளைய ஆரம்பித்த நாளிலிருந்து, ஒரு பக்கம் பஞ்சு வைத்து, மறுபக்கம் தளர்த்தி, ஈ காக்கைக்குத் தெரியாமல் சட்டை தைத்துப் போட்டவர் ஆயிற்றே! வளைவு மட்டும் அவர் தையலுக்கு மசியவில்லை. இப்போது ஆபரேஷனில் வந்து நிற்கிறது.

அந்த நேரம் பார்த்தா அவர் தையல் கடையின் வாடிக்கைக்கார அம்மாள் அங்கே வர வேண்டும்?

"என்ன டெய்லர், இங்க?"

"ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தேம்மா," என்று மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக் கூசாமல் புளுகினார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மாள் நகர்ந்ததும் மகளைச் சுவரோரம் நிறுத்தி, தன் சட்டைக் காலரில் நூலோடு குத்தியிருந்த ஊசியை உருவினார்.

"அப்பா, எலும்பைத்தான் படம் எடுக்கப் போறாங்க, கவுனை இல்ல."

"சும்மா இருடி. நாலு பேர் பார்க்கிற இடம்."

கைக்குட்டையை மடித்து இடது தோளுக்குள் வைத்து, இடுப்பை இறுக்கிப் பிடித்து மளமளவென்று தைத்தார். உள்ளேயிருந்து கூப்பிட்ட அவசரத்தில் ஊசியைக் கவுனின் முதுகுப் பக்கத்திலேயே செருகிவிட்டார்.

சற்று நேரத்தில் எக்ஸ்ரே எடுத்த பெண் அலறிக்கொண்டு ஓடினாள். "டாக்டர்! முதுகெலும்புல ஊசி!"

டாக்டர் படத்தைப் பார்த்து ஆடிப்போனார். "எப்பம்மா ஊசியை முழுங்கின?"

"முழுங்கல டாக்டர். எங்கப்பா தச்சார்."

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் ஜெயித்தது. "ஏன்யா, இந்தப் படத்தை அளந்துதானே எந்த எலும்புல ஸ்க்ரூ போடணும்னு முடிவு பண்ணுவேன்? நீங்க இறுக்கித் தச்சதுல பொண்ணால இயல்பா நிக்கவே முடியல. இதை நம்பி நான் கத்தி வெச்சிருந்தா? அடுத்து எம்.ஆர்.ஐ. தண்டுவடத்துல வேற கோளாறு இருக்கான்னு பார்க்கணும். அது பெரிய காந்தம்யா. அங்க இந்த ஊசியோட போயிருந்தா?"

டெய்லர் அவசரமாக மகளின் கவுனிலிருந்து ஊசியை உருவினார்.

"முதுகு வளைஞ்சதுல எனக்கு வெக்கமே இல்லப்பா," என்றாள் மகள். "நீங்க மறைச்சு மறைச்சுத் தைக்கறப்பதான் வெக்கமா இருந்துச்சு."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. தையலைத் தன் கையாலேயே பிரித்தார்.

மறுபடி எக்ஸ்ரே எடுத்து முடித்து எம்.ஆர்.ஐ. அறைக்குப் போனார்கள். "உடம்புல உலோகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் ஊழியர்.

"என்கிட்ட இல்ல. எங்கப்பாவை நல்லாச் சோதிங்க!" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள். டெய்லர் சட்டைப் பைகளைக் கவிழ்த்தார். குண்டூசி, கொக்கி, நூல் சுற்றிய பாபின், குட்டிக் கத்தரி என்று ஒரு கடையே வந்து விழுந்தது.

அவர் குனிந்து பொறுக்கும்போது அதே அம்மாள் திரும்பி வந்தாள். "திரைக்கு அளவெடுத்தாச்சா?"

"திரையும் இல்ல, மண்ணும் இல்லம்மா. என் மகளுக்கு முதுகெலும்பு வளைஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணப் போறாங்க. வளைய ஆரம்பிச்சப்பவே டாக்டர்கிட்ட காட்டியிருந்தா, முதுகுக்குப் பெல்ட் போடறதோட போயிருக்கலாமாம்."

அம்மாள் பதறினாள். "மெதுவாப் பேசுங்க, பொம்பளப் புள்ள விஷயம். நாலு பேர் காதுல விழப்போகுது!"

"நல்லா விழட்டும்மா! அந்த நாலு பேருக்குப் பயந்துதான் மறைச்சேன். புள்ளைங்க உடம்புல இருக்கற குறையை ஊருக்கு மறைச்சா, அது டாக்டருக்கும் மறைஞ்சு போயிடும். கஷ்டப்படப்போறது ஊர் இல்ல, நம்ம புள்ள!"