முதுகு காட்டி உட்கார்ந்த வாத்தியார்

டன்ஸ்டன் என்ற அந்த ஆங்கிலேயர் ஒரு தடவைகூடப் பியானோவைத் தொட்டதில்லை. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து பவளம் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மகள் பிரீத்தி வாசிப்பாள். அவர் முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து, டீ குடித்தபடி கலிபோர்னியாவின் சான் ரமோன் குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஈரோட்டில் பவளம் பாட்டுக் கற்றபோது டீச்சர் ஒரு வரி பாடுவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை.

"ஏனுங்க, இந்த ஆளுக்கு வாசிக்கவே தெரியாதோ?"

"அவர் இசை எழுதற கம்போசர்மா," என்றார் கணவர் குமாரசாமி. "லண்டன்ல அவர் எழுதின பீஸ கச்சேரில வாசிச்சிருக்காங்க. சுவத்துல அந்தக் கச்சேரி நோட்டீஸ மாட்டியிருக்காரே."

"பேரு போட்டு அச்சடிக்கிறது பெரிய வித்தையா? நம்மூர்ல காதுகுத்துக்கே அடிக்கிறாங்க."

"அப்ப நீயே டெஸ்ட் பண்ணிப் பாரு, சிஐடி மேடம்."

அவர் சிரித்தார். பவளம் சிரிக்கவில்லை.

பிரீத்திக்கென்றே டன்ஸ்டன் ஒரு சின்ன பீஸ் எழுதித் தந்திருந்தார். அடுத்த வகுப்புக்குப் போகும்போது பவளம் காரில் சொன்னாள்:

"மூணாவது வரில அந்தக் கறுப்புக் கட்டைக்குப் பதிலா பக்கத்து வெள்ளைக் கட்டைய அடி. அவரே எழுதினதுன்னா கண்டுபிடிக்கட்டும். இல்லேன்னா நாளைக்கே மில்பிடாஸ்ல பியானோ சொல்லித்தர்ற ரஷ்யன் ஆன்ட்டிகிட்ட மாத்திடலாம்."

"மாம், ஐ லைக் ஹிம்."

"சொன்னதைச் செய்."

பிரீத்தி செய்தாள். டீக் கோப்பை பாதி வழியில் நின்றது. டன்ஸ்டன் முதல் முறையாக நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"அதை மாற்றியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மீ," என்றாள் பிரீத்தி.

"இல்லை. நீ தப்பு செய்தால் அங்கேயே நின்றுவிடுவாய். இன்று அந்த இடம் வரும் முன்பே பயந்துகொண்டு வந்தாய்."

பிறகு பவளத்தைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுவே அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

"என்னிடமே கேட்டிருக்கலாம். அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் காரில் இருங்கள்."

அடுத்த வாரம் பவளம் அவர் வீட்டு வாசலில் காரிலேயே இருந்தாள். அம்மா கேட்கக் கூடாதபடி அப்படி என்ன பாடம்? கண்ணாடியை இறக்கினாள். முதலில் பிரீத்தியின் சிரிப்பு. அப்புறம் பியானோ. மேலே பிரீத்தியின் மெட்டு; கீழே, அவள் கை எட்டாத இடத்தில், இன்னொருவரின் நிதானமான வாசிப்பு.

பவளம் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள்.

வாசிப்பு நின்றது. ஜன்னலில் பிரீத்தி வந்து நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையில் ஊன்றிய காலைத்தான் பார்த்தாள்.

பவளம் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பியானோ மறுபடி கேட்க வெகுநேரம் ஆயிற்று.